கிழக்கு 61, வடக்கு 154

வேலுத்தாய்க்கு அரசு வேலை கிடைத்துவிட்டது என்று கரட்டுப்பட்டி முழுக்கத் தெரிந்துபோனது. என்ன வேலை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஆணையில் 'கட்டம் பெயர்ப்பாளர் (தற்காலிகம்)' என்று போட்டிருந்தது. அவள் அப்பா மாடக்கண்ணு அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கட்டடத்தப் பெயர்க்குற வேலையா? பொம்பளப் பிள்ளைக்குக் கடப்பாரையையா குடுப்பாவ?"

"கட்டடம் இல்லப்பா, கட்டம்."

"அதைப் போயி யாரு பெயர்ப்பா?" என்று கேட்டுவிட்டு, நாலு ஏக்கர் புஞ்சையில் உழவு பார்க்கப் போய்விட்டார்.

அது எண்பத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். அலுவலகம் கோவில்பட்டியில், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் இருந்தது. 'மண் ஒளியளவுத் தனி அலுவலகம்' என்று புதுப்பலகை. உத்தரத்தில் ஒட்டியிருந்த பழைய பஞ்சு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்ததால் அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் பகல் மூன்று மணிக்கு மேல் தலை நரைத்துவிடும்.

தலைமை எழுத்தர் பூவனநாதன் அவளை உட்காரவைத்து வேலையைச் சொன்னார். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் எந்தக் காகிதத்திலும் மாட்டிக்கொள்ளாமல் கடந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம்.

"இங்கன பாரும்மா. எழுபத்தாறுல ஒரு விமானம் பறந்துச்சு. கோவில்பட்டியிலருந்து தெக்க பசுவந்தனை தாண்டி வரைக்கும் பூமியக் கட்டங்கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டம் நாலு ஏக்கர்னு வச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருதுன்னு அளந்தாங்க. பச்சை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், அதுபோகக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ரெண்டு. ஆக, கட்டத்துக்கு நாலு எண். அது பழைய புத்தகம். போன வருஷம் மறுபடி பறந்தாங்க. அது புதுப் புத்தகம்."

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"புதுப் புத்தகத்துல மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு கட்டம் காலியாக் கிடக்கு. அதுக்குப் பழைய புத்தகத்துலருந்து எண்ணை எடுத்து எழுதணும். கிழக்கு எண்ணும் வடக்கு எண்ணும் ரெண்டுலயும் ஒத்திருக்கணும். அவ்வளவுதான்."

கட்டங்கள் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் மேகம். விமானம் பறக்க ஆனி மாதத்துக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். ஆனியில் இந்தக் கரிசல் பூமியில் மேகம் என்றால் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கும். அனுமதி ஐப்பசியில் வந்தது. வந்த அனுமதியை வீணாக்கக் கூடாது என்று உடனே பறந்துவிட்டார்கள். கீழே மேகம் கப்பென்று மூடியிருந்த இடமெல்லாம் புத்தகத்தில் வெறும் வெள்ளை.

ஒரு எண்ணை எடுத்து எழுத நான்கு பேர். ஒருவர் பழைய புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். அடுத்தவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். வேலுத்தாய் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் அவள் எழுதுவாள். நான்காமவர் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பச்சை வெளிச்சத்தைப் பச்சை மையிலும் சிவப்பைச் சிவப்பு மையிலும் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரண்டையும் பென்சிலால், ரொம்ப அழுத்தாமல். ஒரு நாள் சற்று அழுத்தி எழுதிவிட்டதற்காக அவளிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது.

முதல் வாரத்திலேயே தனி அலுவலர் இராமச்சந்திரனிடம் அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அவர் மதுரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போடுவார், உட்கார்ந்தால் படிக்க வேண்டிவரும் என்பதால்.

"சார், இந்தக் கட்டமெல்லாம் எந்தெந்த ஊர்ல வருதுன்னு ஒரு தடவை பாத்துக்கிடலாமா?"

இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, ஊர் என்பது கீழே இருப்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர். மேலே இருந்து பார்த்தால் ஊர் கிடையாது, கட்டம்தான். தவிர, இது கண்ணுக்குத் தெரியாத ஒளி சம்பந்தப்பட்ட விஷயம். இதில் கண்ணை நுழைப்பது ஒழுங்கீனம். எண்ணும் எண்ணும் ஒத்துப்போனால் போதும். இடம் தானாக ஒத்துப்போகும். இடத்துக்கு வேறு வழி இல்லை."

ஆவணி மாதம் வேலை முடிந்தது. விழா எடுத்தார்கள். கடம்பூர் போளி கூடை கூடையாக வந்தது. இராமச்சந்திரன் முக்கால் மணி நேரம் பேசினார். "மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு எண். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. இந்த ஐந்து மாதத்தில் இந்த அலுவலகத்தைவிட்டு ஒருவர்கூட வெளியே போய் எதையும் பார்க்கவில்லை என்பதை நான் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். எல்லாரும் கை தட்டியதில் உத்தரத்துப் பஞ்சு போளிமேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அலுவலகத்துக்குப் புதுவேலை வந்தது. எந்தெந்தக் கட்டத்தில் தண்ணீருக்குரிய எண்கள் இருக்கின்றனவோ அதெல்லாம் நீர்நிலை. அங்கே யாராவது பயிர் செய்துகொண்டிருந்தால் அது ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் எழுதி அனுப்ப வேண்டும். பெயர் தெரியாதென்பதால் 'இன்ன கட்டத்தின் அனுபவதாரர்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஊர்த் தலையாரி ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொள்வார். வேலுத்தாய் முதல் பட்டியலில் நானூறு நோட்டீஸ் எழுதினாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மாடக்கண்ணு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மகள் மேசைமேல் வைத்தார்.

"ஏட்டி வேலு, இது உன் கையெழுத்துதான?"

அவள் எடுத்துப் பார்த்தாள். கிழக்கு 61, வடக்கு 154 கட்டத்தின் அனுபவதாரருக்கு. தாங்கள் கண்மாயின் நீர்ப்பரப்பினுள் அத்துமீறி மிளகாய் பயிரிட்டிருப்பது தெரியவந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் மேற்படி மிளகாயை அப்புறப்படுத்த வேண்டியது. முத்து முத்தாக அவள் எழுத்தேதான்.

"யப்பா, இது நம்ம புஞ்சையா?"

"தலையாரி நம்ம புஞ்சைன்னுதான் சொல்லுதாரு. செடி இடுப்பு உசரம் நிக்குது, காய் பிடிச்சுக் கெடக்கு. அத நான் பிடுங்கணுமாம். கரட்டுப்பட்டியில கண்மாய் எங்கட்டி இருக்கு? குடிதண்ணிக்கே ரெண்டு மைல் போறோம்!"

இந்தக் கையால்தானே எழுதினோம் என்று அவள் கையை மேசைக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பூவனநாதனிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நோட்டீஸைத் தொடாமலே படித்தார்.

"தண்ணி இல்லன்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துருங்க அண்ணாச்சி. பைல்ல வச்சிருதேன்."

"ஐயா, வந்து பாத்தா தெரியுமே!"

"பாக்கக் கூடாது அண்ணாச்சி. அதுக்கு விதி இல்ல. சான்றுதான் வேணும்."

தண்ணீர் இல்லை என்று சான்று தரும் அதிகாரம் தண்ணீரை அளக்கிறவர்களுக்குத்தான் உண்டாம். மாடக்கண்ணு விசாரித்து விசாரித்து அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒரு பொறியாளர் நிறம் தீட்டிய நீளக் கம்போடு கரட்டுப்பட்டிக்கு வந்தார். மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே எட்டு இடத்தில் கம்பை ஊன்றி அளந்தார். மாடக்கண்ணு வீட்டு மோரை வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சான்று எழுதிக் கொடுத்தார்.

வேலுத்தாய் அதைப் படித்தாள். 'நீரின் ஆழம்: இல்லை. காரணம்: கண்மாய் மண்ணால் முழுவதும் தூர்ந்துள்ளது. பரிந்துரை: உடனடியாகத் தூர்வாருதல்.' மாசி பதினைந்தாம் தேதி மண் வெட்டும் இயந்திரம் வரும் என்று அடியில் ஒரு வரி.

"நல்லாத்தான் எழுதியிருக்காரா?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

அவள் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரில் இருந்தபோது ஒரு லாரி வந்து புஞ்சையோரம் நின்றது. விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் இறங்கினார். பெயர் செண்பகராஜ். தோளில் வலை. லாரியில் இரண்டு பெரிய பீப்பாய், அதற்குள் மீன்குஞ்சு.

"அண்ணாச்சி, இங்கன கிழக்கு அறுபத்தொண்ணு, வடக்கு நூத்தம்பத்தி நாலுன்னு ஒரு கண்மாய் எங்க இருக்கு? மூணு வருஷத்துக்கு மீன் குத்தகை எடுத்திருக்கேன்."

மாடக்கண்ணு மிளகாயைக் காட்டினார். செண்பகராஜ் மிளகாயைப் பார்த்தார், கையிலிருந்த ஆணையைப் பார்த்தார், மறுபடி மிளகாயைப் பார்த்தார்.

"தண்ணி எங்க அண்ணாச்சி?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மாசி பத்துக்குள்ள குஞ்சு விடலன்னா குத்தகைய ரத்து பண்ணிருவாவளே! இதுகளையும் எம்புட்டு நேரம் பீப்பாய்ல வச்சிருக்க?"

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் செடியைப் பிடுங்க வேண்டும், இன்னொருவர் அதே இடத்தில் மீன் விட வேண்டும். சண்டை போடக் காரணம் தாராளமாக இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்புதான் வந்தது. மாடக்கண்ணு கம்மங்கஞ்சி கொடுத்தார். மீன்குஞ்சுகளைப் பக்கத்து ஊர்க் கிணறு ஒன்றில் தற்சமயத்துக்கு விட்டுவைத்தார்கள்.

மறுநாள் வேலுத்தாய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கிழக்கு 61, வடக்கு 154. நாலு எண்ணும் அவள் எழுதியபடியே இருந்தன. ஒரு பிசகும் இல்லை. அப்படியானால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் புஞ்சை கண்மாயாகவா இருந்தது? அப்போது அவள் அங்கே களை எடுத்திருக்கிறாள். காலில் சேறுகூட ஒட்டியதில்லை.

புத்தகத்தை மூடப் போகும்போதுதான் முதல் பக்கத்தைக் கவனித்தாள். அதில் தனி அலுவலரின் படத்துடன் அணிந்துரை ஒன்றை அச்சடித்து மைதாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் ஒரு ஓரத்தை அரித்திருந்தது. அந்த ஓட்டையில் கீழே இருந்த பழைய எழுத்து தெரிந்தது. நகத்தால் மெல்ல உரித்தாள். இராமச்சந்திரன் தோள்பட்டை வரை கிழிந்து வந்தார். அடியில் ஒரே வரி: 'வடக்கு எண், தெற்கு எல்லையிலிருந்து மேல்நோக்கி எண்ணப்பட்டது.'

புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு ஓடினாள். அங்கே: 'வடக்கு எண், வடக்கு எல்லையிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்பட்டது.'

மொத்தம் இருநூறு வரிசை. ஒன்றில் மேலிருந்து நூற்றைம்பத்து நான்காவது வரிசை என்றால், மற்றதில் அதே இடம் கீழிருந்து நாற்பத்தேழாவது. பழைய புத்தகத்தில் கிழக்கு 61, வடக்கு 47ஐப் பார்த்தாள். நாலு எண்ணும் நல்ல காய்ந்த கரிசலுக்குரியவை. அப்பாவின் புஞ்சை அங்கேதான் பத்திரமாக இருந்தது. அவள் எடுத்து எழுதியது வடக்கே பதினாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஏதோ ஒரு கண்மாயின் எண்கள். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கட்டமும் இப்படித்தான், தலைகீழாக.

பூவனநாதனிடம் காட்டினாள். அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ பாக்கலம்மா. நானும் பாக்கல. கரப்பான் மட்டுந்தான் பாத்துச்சு. அதோட விட்டுரு."

"மாசி பதினஞ்சு எங்க புஞ்சைய வெட்டிருவாங்க சார்."

அவர் இரண்டு புத்தகத்தையும் மூடிவைத்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளோடு தனி அலுவலர் அறைக்கு வந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு காகிதத்துக்காக நடந்த நீளமான நடை அதுவாகத்தான் இருக்கும்.

இராமச்சந்திரன் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். "நூற்றைம்பத்து நான்கும் நூற்றைம்பத்து நான்கும் ஒன்றா, இல்லையா?"

"ஒண்ணுதான் சார். ஆனா எங்கருந்து எண்ணுதோம்ங்கது…"

"ஒன்று என்று ஒத்துக்கொண்ட பிறகு 'ஆனால்' என்ன? ஒரு கட்டத்தைத் தவறென்று சொன்னால் மூவாயிரத்தையும் தவறென்று சொல்ல வேண்டும். மூவாயிரமும் தவறாக இருக்க முடியாது. ஏனென்றால் விழா நடந்துவிட்டது." அவர் அன்பாகவே சொன்னார். "அம்மா, புத்தகத்துக்கும் பூமிக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அலுவலகம் புத்தகத்தின் பக்கம்தான் நிற்க முடியும். பூமி நமக்கு முத்திரை போட்டுத் தரவில்லை. போய் இரண்டாவது பட்டியலை எழுதுங்கள்."

அவள் வந்து இரண்டாவது பட்டியலை எழுத உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆத்திரத்தில். ஆனால் இப்போது அவளுக்குக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தது. தாலுகா வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பெயர்த்த கட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். விமானம் பறந்த அன்றைக்குக் கோவில்பட்டிமேலும் மேகம் இருந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் பருத்திக்காடாகி இருந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் உடைமரத் தோப்பாக இருந்தது. கிழக்கு 33, வடக்கு 12இல் நல்ல ஆழமான தண்ணீர். அவள் புள்ளி வைத்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றித் துடைத்திருப்பாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த பஞ்சுக் கிட்டங்கி.

விதி விதிதான். 'கிழக்கு 33, வடக்கு 12 கட்டத்தின் அனுபவதாரருக்கு. தாங்கள் கண்மாயின் நீர்ப்பரப்பினுள் அத்துமீறி அமர்ந்திருப்பது தெரியவந்துள்ளது' என்று முத்து முத்தாக எழுதினாள். மற்ற முந்நூறோடு சேர்த்து உள்ளே அனுப்பினாள். இராமச்சந்திரன் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பூவனநாதன் அனுப்புகை எண் போடும்போது அந்த ஒன்றில் மட்டும் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எண் போட்டுவிட்டு, "நான் பாக்கல" என்றார்.

அன்று மாலை செண்பகராஜுக்கும் அவள் ஒரு கடிதம் போட்டாள். தண்ணீர் இல்லாத கண்மாய்க்கு மாற்றாக வேறொன்று கேட்டு மனுக் கொடுக்க விதியில் இடம் உண்டு. கிழக்கு 33, வடக்கு 12ஐக் கேளுங்கள், கிடைக்கும்.

மாசி பத்தாம் தேதி காலையில் அலுவலக வாசலில் லாரி நின்றது. செண்பகராஜ் வலையோடும் ஆணையோடும் உள்ளே வந்தார். இரண்டு ஆட்கள் பீப்பாயை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நேரே தனி அலுவலர் அறைக்குள் போய், தரையைக் குனிந்து பார்த்து, "எந்த மூலையில ஆழம் கூட சார்?" என்று கேட்டார்.

"யார் நீர்? என்ன இது?"

"மீன் சார். கெண்டைக்குஞ்சு. மூணு வருஷக் குத்தகை."

அந்த நேரம் பார்த்துத் தலையாரியும் வந்து, அனுபவதாரர் யார் என்று கேட்டு, நோட்டீஸைத் தனி அலுவலர் கையில் கொடுத்தார். இராமச்சந்திரன் முதன்முறையாக உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்தார். அடியில் அவர் கையெழுத்தே இருந்தது. பதினைந்து நாளில் மேசை நாற்காலிகளை அப்புறப்படுத்த வேண்டியது.

"பூவனநாதன்! இது அலுவலகம் என்று இவர்களுக்குச் சொல்லும்!"

"சொல்லலாம் சார்," என்றார் பூவனநாதன். "தண்ணி இல்லன்னு சான்று இருந்தா பைல்ல வச்சிருதேன்."

"சான்று வாங்கினால் தூர்வாரச் சொல்லிவிடுவான்! உமக்குக் கண் இல்லையா? பார்த்தால் தெரியவில்லையா, இது கட்டடம் என்று?"

பீப்பாய்க்குள் ஒரு மீன் துள்ளியது. வேலுத்தாய் குறிப்பேட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இப்பச் சொன்னீங்கள்ல, பாத்தா தெரியும்னு. அத எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க சார். எல்லாக் கட்டத்துக்கும் சேத்து."

அவர் அவளைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். செண்பகராஜின் ஆள் ஒருவன் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். போட்டார்.

அதன் பிறகு இராமச்சந்திரன் சும்மா இருக்கவில்லை. மூன்றே நாளில் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். அதில் 'பிழை' என்ற சொல் எங்கேயும் இல்லை. 'இரு தொகுப்புகளின் திசை முரண்பாட்டைத் தனி அலுவலர் நேரடிக் கள ஆய்வின் மூலம் கண்டறிந்தார்' என்று இருந்தது. கள ஆய்வு என்றால் அவருடைய அறைதான். சென்னை மகிழ்ந்துபோய் அவரை 'மாநிலத் திசை நெறியாளர்' ஆக்கி அழைத்துக்கொண்டது. நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்பட்டன. மண் வெட்டும் இயந்திரம் பதினைந்தாம் தேதி பசுவந்தனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. தலைகீழ்க் கணக்கைப் போட்டு உண்மையான கண்மாய் எங்கே என்று வேலுத்தாயே செண்பகராஜுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அங்கே நிஜமாகவே தண்ணீர் இருந்ததைப் பார்த்து அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாராம். மாடக்கண்ணு அந்த வருஷம் பதினோரு மூட்டை வற்றல் எடுத்தார்.

கட்டங்களை மறுபடி முதலிலிருந்து பெயர்க்கும் வேலை தொடங்கியது. இந்தத் தடவை பூவனநாதன் பொறுப்பு. பக்கத்தில் இருநூற்றொன்றிலிருந்து கழித்து எழுதிய ஒரு சிறு அட்டவணையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கையெழுத்தான உத்தரவுப்படி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதுமுன் 'பார்த்தாகிவிட்டதா?' என்று கேட்க வேண்டும். 'பார்க்கப்பட்டது', 'பார்க்கப்படவில்லை' என்று இரண்டு பத்திகள் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

"புதுசுல கிழக்கு அறுபத்தொண்ணு, வடக்கு நூத்தம்பத்தி நாலு. பழசுல வடக்கு நாப்பத்தேழு," என்று ஒருவர் படித்தார். இன்னொருவர் திருப்பிச் சொன்னார். வேலுத்தாய் நாலு எண்ணையும் எழுதினாள். பச்சை, சிவப்பு, பென்சில், பென்சில்.

"பாத்தாச்சாம்மா?" என்றார் பூவனநாதன்.

"அந்தக் கட்டத்துல நான் களை எடுத்திருக்கேன் சார்."

அவர் யோசித்தார். களை எடுத்ததற்குப் பத்தி இல்லை. இரண்டு பத்திகளுக்கும் நடுவே பேனா கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி, நாலு எண்ணுக்கும் பக்கத்தில் சின்னதாக 'மிளகாய்' என்று எழுதினார். நாற்பதாயிரம் கட்டம் உள்ள அந்தப் புத்தகத்தில், எண்களுக்கு நடுவே அந்த ஒரு சொல்தான்.